ஆப் மாறினால் ஏன் இத்தனை கோபம்? டுவோலிங்கோவின் மரத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியை யாரோ நல்லெண்ணத்தோடு கழுவித் துடைத்து, சாமான்களை வேறு வரிசையில் போட்டு வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எண்ணெய் காய்ந்துவிட்டது, கை தானாகக் கடுகுக் கிண்ணத்துக்குப் போகிறது, விரலில் வருவது வெந்தயம். பெட்டி முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது, புது வரிசை பழையதைவிட நல்லதாகக்கூட இருக்கலாம், ஆனாலும் அந்த நிமிஷம் வருகிற எரிச்சல் உண்மையானது. தினமும் திறக்கிற ஒரு தளமோ ஆப்போ ஒருநாள் காலையில் முகம் மாறி வந்து நிற்கும்போது நமக்கு வருவதும் இதே எரிச்சல்தான்.

டிசைன் வேலையில் இருப்பவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மாற்ற ஒவ்வாமை என்று சொல்லலாம். புது வடிவம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே, மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வருகிற வெறுப்பு. கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை, பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியைப் பற்றித்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். ஒவ்வாமை என்று ஒரு பெயரை வைத்துவிட்டால், தப்பு முழுக்கப் பயனாளர் உடம்பில் இருப்பது போலவும், வடிவமைத்தவர் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும் என்பது போலவும் ஆகிவிடுகிறது. எல்லா நேரமும் அப்படி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, மொழி கற்றுக்கொடுக்கும் ஆப்பான டுவோலிங்கோ நல்ல உதாரணம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் வான் ஆன், செவரின் ஹேக்கர் இருவரும் தொடங்கிய தளம் இது, 2012 ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதன் சின்னமான பச்சை ஆந்தையைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்திலிருந்து பத்து வருஷம் வரைக்கும் அதன் முகப்பு ஒரு மரம் மாதிரி இருந்தது. மேலே அடிப்படைப் பாடம், அதற்குக் கீழே வரிசைக்கு இரண்டு மூன்று வட்டங்கள், ஒன்று உணவு, ஒன்று விலங்குகள், ஒன்று பன்மை, இப்படி. ஒரு வரிசையை முடித்தால் அடுத்த வரிசை திறக்கும், ஆனால் ஒரே வரிசைக்குள் எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். உணவு சலித்துவிட்டதா, விலங்குகளுக்குப் போகலாம். பழசு மறந்துபோனது போல இருக்கிறதா, மேலே போய் அந்த வட்டத்தைத் திரும்பத் தட்டலாம். முடித்த வட்டம் தங்க நிறமாகும், ரொம்ப நாள் தொடாமல் விட்டால் அந்தத் தங்கம் மங்கும். 2018இல் இந்த மங்கல் முறையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் கிரீடம் என்று லெவல்களை வைத்தார்கள். அப்போதே ஒரு சுற்றுச் சண்டை நடந்தது. தங்கம் மங்குவதைப் பார்த்துத்தான் இன்றைக்கு எதைப் படிப்பது என்று முடிவு செய்தோம், அதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

கிரீடங்கள் வந்த பிறகு பயனாளர்களே தங்களுக்கென்று முறைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பாடத்தை முழு லெவலுக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று சிலர். எல்லாப் பாடத்திலும் முதல் லெவலை மட்டும் தொட்டுக்கொண்டே கீழே இறங்குவது என்று சிலர். இன்னும் சிலர் நடுவழியாக, முன்னால் உள்ள பாடங்களைத் தாழ்ந்த லெவலிலும் பின்னால் விட்டு வந்தவற்றை உயர்ந்த லெவலிலும் வைத்து, படிக்கட்டு மாதிரி நகர்ந்தார்கள். இதெல்லாம் நிறுவனம் சொல்லிக்கொடுத்ததில்லை. பயன்படுத்தியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது.

2022இல் மரம் போய்விட்டது. முதலில் ஒரு பகுதிப் பேருக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, அந்த வருஷக் கடைசிக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தது பாதை: பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கீழே போகிற ஒரே கோடு, அதில் வரிசையாக வட்டங்கள். ஒன்றை முடித்தால் அடுத்தது. பக்கத்தில் வேறு எதுவும் கிடையாது.

நிறுவனத்தின் காரணம் கேட்கத் தகுந்தது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. மரத்தில் நிறையப் பேருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆழமாகப் போவதா, முன்னால் போவதா? எப்போது திரும்பிப் படிப்பது? படித்ததைச் சரியான இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் மனதில் நிற்கும் என்பது பழைய பாடம், ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன் மறதியைத் தானே அளந்து புத்தகமாக எழுதிய விஷயம். அந்த இடைவெளியைப் பயனாளர் கணக்குப் போட வேண்டாம், பாதையே பழைய பாடத்தை நடுவில் நடுவில் கொண்டுவந்து தரும் என்பதுதான் யோசனை. புதிதாகச் சேருகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் பழைய ஆட்கள் கொதித்தார்கள். நானே தேர்ந்தெடுக்கிற உரிமை போய்விட்டது என்றார்கள். மரத்தில் முடித்ததை வைத்து ஆப் என்னைப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது, அங்கே வருகிற சில வார்த்தைகளை நான் பார்த்ததே இல்லை என்று சிலர், ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்கச் சொல்கிறது என்று வேறு சிலர். முன்பு தனிப் பகுதியாக இருந்த குட்டிக் கதைகளும் கோட்டுக்குள் வந்து, முறை வரும்போதுதான் திறந்தன. அதற்குச் சில மாதம் முன்னால், 2022 மார்ச்சில், பயனாளர்கள் இலக்கணச் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் கலந்துரையாடல் பகுதியையும் மூடியிருந்தார்கள், அதனால் ஆத்திரமெல்லாம் ரெடிட்டுக்கும் ட்விட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. பழையபடி மாற்றும் எண்ணம் இல்லை என்று வான் ஆன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

சரி, இப்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் விஷயம், இழப்பின் எடை. நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது. டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1979இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். பிற்பாடு 2002இல் கானெமனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதோடு ஒட்டிய ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபி மக்கைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். மக் கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மக் ஒன்றுதான், கையில் வந்து சில நிமிஷம்தான் ஆகிறது, அதற்குள் அது என்னுடையது ஆகிவிட்டது. பத்து வருஷமாகத் தட்டித் தட்டித் தங்கமாக்கிய ஒரு மரம் எவ்வளவு என்னுடையதாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. டுவோலிங்கோ தன் பயனாளர்களைத் தினமும் வரவழைப்பதே இந்த இழப்பு பயத்தை வைத்துத்தான். ஸ்ட்ரீக் என்று அந்த நெருப்புப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், எத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று. நானூறு நாள் வந்தவர் நானூற்று ஒன்றாவது நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் படுக்கையிலிருந்து எழுந்து ஒரு பாடம் முடிப்பது, அந்த எண்ணை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான். சேர்த்ததை இழக்காதே என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழக்கிய ஒரு தளம், ஒரே நாளில் சேர்த்து வைத்த மரத்தை எடுத்தால், பழக்கப்பட்ட மனசு வேறெப்படி நடந்துகொள்ளும்? பயனாளர்கள் மிகையாகக் கத்தினார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தக் கண்ணியை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, கையின் ஞாபகம். அதுதான் அஞ்சறைப்பெட்டிக் கதை. இது ரொம்ப விளக்கத் தேவையில்லாத விஷயம், ஆனால் மொழி படிக்கிற இடத்தில் அதற்குக் கூடுதல் கனம் உண்டு. மளிகை ஆர்டர் போடுகிற ஆப்பில் பட்டன் இடம் மாறினால் பத்து நொடி தேடுவோம், கிடைத்துவிடும். மொழி படிக்கும்போது மூளை ஏற்கெனவே நிறைந்து போயிருக்கிறது, தெரியாத சொல், தெரியாத ஒலி, தெரியாத வாக்கிய ஒழுங்கு. அங்கே ஸ்க்ரீன் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரக் கூடாது. பாடமும் புதிது, பலகையும் புதிது என்றால் இரண்டில் ஒன்று உள்ளே போகாது. அதோடு, படித்தது எந்த இடத்தில் படித்தோம் என்பதோடு சேர்ந்தே நினைவில் தங்குகிறது. பாடப்புத்தகத்தில் அந்தக் குறள் இடது பக்கம், கீழ் மூலையில் இருந்தது என்று பரீட்சை ஹாலில் ஞாபகம் வந்ததில்லையா? அதே மாதிரிதான். மரத்தில் ஐந்தாவது வரிசை, வலது வட்டம் என்பது பலருக்கு அந்த இலக்கணத்தின் விலாசமாக இருந்தது.

மூன்றாவது, யார் முடிவு செய்தார்கள் என்பது. நான் கேட்கவில்லை, என்னைக் கேட்கவுமில்லை. இந்த மாதிரித் தளங்கள் ஏ/பி டெஸ்டிங் என்ற முறையில் வேலை செய்கின்றன, பாதிப் பேருக்கு ஒரு வடிவம், பாதிப் பேருக்கு இன்னொன்று, எதில் ஜனங்கள் அதிக நாள் தங்குகிறார்களோ அது ஜெயிக்கும். அதில் தப்பில்லை, நல்ல அளவுகோல்தான். ஆனால் பக்கத்து சீட்டில் இருக்கிற நண்பர் போனில் மரம், என் போனில் பாதை என்றால், யாரோ என்மேல் எதையோ பரிசோதிக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அது வந்த பிறகு புது வடிவத்தை நியாயமாகப் பார்ப்பது கஷ்டம்.

இவ்வளவும் சேர்ந்ததுதான் முதல் வாரக் கோபம். இது எழுத்துக்கும் வரும். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது, பெரியார் 1935லிருந்தே குடிஅரசில் பயன்படுத்திவந்த வடிவங்களை ஏற்று. தும்பிக்கை வைத்த பழைய லை, ளை, னை எல்லாம் போய் இப்போது நாம் எழுதுகிற வடிவம் வந்தது. கற்க எளிது, அச்சுக்கோக்க எளிது, யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் அதற்கு முன் எழுதப் படித்த பெரியவர்கள் பலர் கடைசிவரை கடிதங்களில் தும்பிக்கை போட்டுத்தான் எழுதினார்கள். என் தாத்தாவின் இன்லேண்ட் லெட்டர்களில் பார்த்திருக்கிறேன், 1990களிலும் அதே லை. சீர்திருத்தம் அவருக்குப் புரியாமல் இல்லை, கைக்குப் பழகியது அது.

இப்போதுதான் முக்கியமான இடம். எல்லாக் கோபமும் ஒரே ஜாதி இல்லை. பழக்கம் போனதால் வரும் கோபம் ஒன்று, வசதியே போனதால் வரும் கோபம் இன்னொன்று. முதலாவது இரண்டு மூன்று வாரத்தில் கரையும், கை புது இடத்தைப் பழகிக்கொள்ளும். இரண்டாவது கரையாது, எத்தனை மாதம் ஆனாலும், ஏனென்றால் பழகிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை, முன்பு செய்ய முடிந்த ஒன்றை இப்போது செய்ய முடியாது.

ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கான பேர் எதிர்த்தார்கள். சில நாளில் யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதியைச் சேர்த்தார்கள், கொந்தளிப்பு அடங்கியது, இன்றைக்கு ஃபீட் இல்லாத ஃபேஸ்புக்கை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. மாற்றத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எப்போதும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். டிக் என்ற செய்தித் தளம் 2010 ஆகஸ்டில் தன் நான்காவது வடிவத்தை வெளியிட்டதையும் கூடவே சொல்ல வேண்டும். பிடிக்காத செய்தியைக் கீழே தள்ளுகிற பட்டனையே எடுத்துவிட்டார்கள், பயனாளர் கையில் இருந்த அதிகாரம் பெரிய ஊடகங்கள் பக்கம் போனது போல ஆனது, கூட்டம் கூட்டமாக ரெடிட்டுக்குப் போனவர்கள் திரும்ப வரவே இல்லை. அங்கே நடந்தது இரண்டாவது ஜாதிக் கோபம்.

டுவோலிங்கோ விஷயத்தில் இரண்டும் கலந்திருந்தன, அதனால்தான் அதைப் பற்றிப் பேசுவது சிக்கலாக இருக்கிறது. வட்டங்கள் வேறு மாதிரித் தெரிவதும், வளைந்த கோடு கண்ணுக்குப் பிடிக்காமல் போவதும் முதல் ஜாதி. நாளைக்குப் பயணம் இருக்கிறது, இன்றைக்குப் பயணப் பாடத்தை மட்டும் பார்க்க வேண்டும், முன்பு முடிந்தது, இப்போது முடியவில்லை என்பது இரண்டாவது ஜாதி.

எண்களைக் காட்டி வாயை அடைக்கலாமா? தினமும் டுவோலிங்கோவுக்கு வருகிறவர்கள் 2022 கடைசிக் காலாண்டில் சுமார் 1.6 கோடி, 2024 கடைசிக் காலாண்டில் 4 கோடியைத் தாண்டிவிட்டார்கள். மாற்றம் வியாபாரத்தைக் கெடுக்கவில்லை என்பது தெளிவு. ஆனால் அந்த 4 கோடியில் பெரும்பகுதி மரத்தைப் பார்த்தே இராதவர்கள், அவர்களுக்கு இழக்க எதுவும் இருக்கவில்லை. மொத்த எண்ணிக்கை ஏறியதை வைத்து, போனவர்கள் ஏன் போனார்கள் என்பதையோ, இருப்பவர்கள் முன்னைவிட நன்றாக மொழி கற்கிறார்களா என்பதையோ சொல்ல முடியாது. மூன்றும் தனித்தனிக் கேள்விகள், ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

மாற்றத்தைக் கொஞ்சம் கனிவோடு செய்யவும் வழி இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் தன் தோற்றத்தை மாற்றியது. பத்து வருஷத்துக்கும் மேலாக இருந்த முகம் அது. பக்கத்தின் அகலத்தைக் குறைத்ததற்கு நிறைய எதிர்ப்பு வந்தது, ஆனால் கணக்கு வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குப் போய்ப் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு கதவு திறந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அது மூடப்பட்ட இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லாத் தளமும் இரண்டு வடிவத்தையும் காலத்துக்கும் வைத்துக்கொண்டிருக்க முடியாது, செலவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் வைக்கலாம். முன்கூட்டியே சொல்லலாம். முக்கியமாக, பழையது ஒவ்வொன்றும் இப்போது எங்கே போயிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதலாம்.

என் அத்தை கதையைச் சொல்கிறேன். அறுபத்திரண்டு வயது, ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருவதால் ஜெர்மன் படிக்கிறார், நான் மேலே சொன்னவை அல்லாத வேறொரு தளத்தில், பெயர் வேண்டாம். ஒருநாள் போன் செய்து, "என்னடா இது, என் பாடத்தையே காணோம்" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது, பாடங்கள் அட்டை அட்டையாக வந்திருந்தன. "கண்ணு கூசுது, எழுத்து எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கு வைச்ச மாதிரி" என்று ஒரு பத்து நிமிஷம் திட்டினார். "ஒரு ரெண்டு வாரம் பாருங்க அத்தை, பழகிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுத்து பெரிதாக இருப்பது வசதியாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் ஒன்றில் மட்டும் கோபம் அப்படியே இருந்தது. பழைய வடிவத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அரைப் பக்க இலக்கணக் குறிப்பு இருந்ததாம். அதை வைத்துத்தான் அவர் நம் இரண்டாம் வேற்றுமைக்கு ஜெர்மனில் என்ன வரும் என்பதைப் பிடித்தார். நமக்கு மனிதன், மனிதனை என்று பெயர்ச்சொல்லின் வால் மாறுகிறது. அவர்களுக்கு டெர் மன் என்பது டென் மன் ஆகிறது, சொல் அப்படியே இருக்க முன்னால் நிற்பது மாறுகிறது, அதுவும் ஆண்பாலுக்கு மட்டும், டீ ஃப்ராவ் டீ ஃப்ராவாகவே இருக்கிறது. இதைக் குறிப்பைப் படித்துத் தமிழோடு ஒப்பிட்டு அவரே கண்டுபிடித்திருக்கிறார், சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. புது வடிவத்தில் குறிப்பை எடுத்துவிட்டு, பத்து உதாரண வாக்கியம் காட்டி நீங்களே புரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். "குழந்தைன்னா கேட்டுக் கேட்டுப் பிடிச்சுக்கும், எனக்கு ஏன்னு யாராவது சொல்லணும்டா" என்றார்.

நான் இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொன்னது பாதிக்குத்தான் சரியாக இருந்தது.

நீங்கள் பயன்படுத்தும் தளமும் இப்படி மாறினால், முதல் நாளே ஒரு ஸ்டார் போட்டுவிட்டு வராதீர்கள், ஒதுங்கியும் போகாதீர்கள். ஒரு தாளில் எரிச்சலூட்டுவதை எல்லாம் எழுதி வையுங்கள், மூன்று வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். பாதி வரிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள். மீதி இருப்பதை எழுதி அனுப்புங்கள், பழையது வேண்டும் என்று பொதுவாக எழுதாமல், முன்பு எதைச் செய்தேன், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று. தளம் நடத்துகிறவர்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், படு மோசம் என்ற ஆயிரம் வரிகளை வைத்துக்கொண்டு எந்தப் பட்டனையும் திருத்த முடியாது.

அத்தை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து அனுப்பியது இது: "பாடத்துக்கு முன்னால் இருந்த இலக்கணக் குறிப்பை முன்பு ஒரே தட்டில் திறந்து படித்தேன். இப்போது டென் எப்போது வரும் என்று பார்க்க எனக்கு இடமே இல்லை. குறிப்பைப் பாடத்துக்குள் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்காவது ஒரு மூலையில் வையுங்கள், நான் தேடி வந்து படித்துக்கொள்கிறேன்."

இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் என்று ஒரு நீளக் கோட்டு நோட்டு வாங்கி, நினைவில் இருந்த குறிப்புகளைத் தமிழிலேயே எழுத ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் பார்த்தபோது நான்காம் வேற்றுமைக்கு வந்திருந்தார், கு உருபுக்கு எதிரே சிவப்பு மையில் டெம் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.